திருப்பிக் கொடுக்காத நினைவகம்

வீரபாண்டித் திருவிழா நடக்கும் வாரத்தில் தேனியில் பஸ் ஏற நினைப்பவனுக்குப் பொறுமை நிறைய வேண்டும். எனக்கு அது கிடையாது, அதனால் மோட்டார் சைக்கிளில்தான் போவேன். அன்றைக்கும் மனைவியோடு போய், ஆற்றில் குளித்து, அம்மனைக் கும்பிட்டு, ராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்று பஞ்சுமிட்டாய் தின்றேன். சின்னமனூர்ப் பக்கம் ஒரு வாழைக்காய்க் கிடங்கில் கூலி வேலை பார்த்த சங்கிலியம்மாள் செத்துப்போனது ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் என்று பிறகு சொன்னார்கள்.

கம்ப்யூட்டர் சமாச்சாரம் பிடிபடவில்லை என்று சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அப்படி ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. காய் சீக்கிரம் பழுக்காமலிருக்க, மூடிய அறையில் ஆக்சிஜனைக் குறைத்து வைப்பார்கள். அந்த நேரம் ஆள் உள்ளே போனால் சுருண்டு விழ வேண்டியதுதான். அதனால் கதவுக்கு மேல் ஒரு விளக்கு இருக்கும். சிவப்பென்றால் போகக் கூடாது, பச்சையென்றால் போகலாம். அந்த விளக்கை மாற்றுவது அல்லிநகரத்தில் எங்கள் அலுவலகத்தில் ஓடும் புரோகிராம். புரோகிராம் நின்றுபோனால் விளக்கு கடைசியாக இருந்த நிறத்திலேயே நிற்கும். நின்றால் சிவப்புக்கு மாறும்படி செய்யலாமே என்று ஏஞ்சல் ஒருமுறை கேட்டாள். பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏஞ்சல் ராயப்பன்பட்டிப் பெண். எனக்குக் கீழே வேலைக்கு வந்தவள். எங்கள் புரோகிராம் ஜாவாவில் எழுதியது. அதில் வேலை முடிந்த நினைவகத்தைக் கூட்டிப் பெருக்க மொழிக்குள்ளேயே ஆள் உண்டு. கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்ததும் இலை எடுக்க ஆள் வருவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஆள் பெருக்கும்போது பந்தி நிற்கும், விளக்கு தாமதமாக மாறும். ஏஞ்சல் என்ன செய்தாள் என்றால், அறையிலிருந்து வந்து குவியும் ஆக்சிஜன் அளவுகளை மண்டபத்துக்கு வெளியே, அந்த ஆளின் கை எட்டாத நினைவகத்தில் வைத்தாள். வெளியே வாங்கியதை நாமேதான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு கட்டளை, அதையும் சரியான இடத்தில் எழுதியிருந்தாள்.

எங்கள் முதலாளி காமராஜ் சார் ஒருநாள் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னார்: “பாத்தீகளா, புள்ள கை வச்ச பெறகு மிஷினு திணறவே இல்ல. சசி, இனிமே இத அதுகிட்டயே விட்ருங்க.”

அவள் திருத்திய அந்தப் பகுதியை முதலில் எழுதியவன் நான். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அவள் சாப்பிடப் போயிருந்தபோது, அவள் கம்ப்யூட்டரிலேயே, அவள் பெயரிலேயே அந்தக் கட்டளையை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். வெளி நினைவகம் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பும். சர்வர் ஒருநாள் மூச்சுமுட்டிப் புரோகிராமைக் கொன்றுபோடும். எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் பார்க்கும் திரையோ மண்டபத்துக்கு உள்ளே இருப்பதை மட்டும் காட்டும். அங்கே எல்லாம் துடைத்துவிட்டது போல இருக்கும். புரோகிராம் விழுந்ததும் ஏஞ்சல் முழிப்பாள், நான் வந்து சரிசெய்வேன். என் கணக்கில் வேறு யாரும் இல்லை.

ஆனால் எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் சர்வருக்குச் சூடம் காட்டி, புரோகிராமை நிறுத்தித் திரும்ப ஓடவிடும் பழக்கம் உண்டு. நிறுத்தியதும் வெளியே வாங்கியதெல்லாம் தானாகக் கணக்குத் தீர்ந்துவிடும். வாரா வாரம் அவள் தப்பித்துக்கொண்டே வந்தாள். எனக்குச் சலித்துப்போய்விட்டது.

பிறகு திருவிழாவுக்கு அச்சாரமாகக் கோயிலில் கம்பம் நட்டார்கள். கம்பம் நட்டால் திருவிழா முடியும்வரை சர்வரில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது சாரின் கட்டுப்பாடு. முன்னொரு வருஷம் திருவிழா நேரத்தில் எதையோ மாற்றப் போய் எல்லாம் படுத்துக்கொண்டதிலிருந்து அப்படி. அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை ஏஞ்சல் என் மேசைக்கு வந்தாள்.

“சசிண்ணே, சர்வரு ஒரு மாதிரி மந்தமா இருக்குண்ணே. நிறுத்தி ஓட மட்டும் விட்ரவா? சாரு கோவிச்சுக்குவாகளோ?”

“கம்பம் நட்டாச்சும்மா. ஒங்க சர்ச்சுல இதெல்லாம் இல்ல, ஒனக்குத் தெரியாது. ஆத்தா காரியத்துல வெளையாடக் கூடாது.”

அவள் முகம் சுருங்கிவிட்டது. வேறு மதத்துக்காரி மதிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு. அந்தப் பயம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ராட்டினத்தடியில் நின்றபோது, சர்வர் மந்தமாக இருப்பதாக அவள் சொன்னதும், புரோகிராம் நின்றால் விளக்கு மாறாது என்பதும் எனக்கு ஞாபகம் வந்தன. போன் சட்டைப்பையில்தான் இருந்தது. கிடங்குக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கையெல்லாம் பஞ்சுமிட்டாய் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கிடங்கில் காற்றை மாற்றி, பச்சை எரிந்து, காய் எடுத்து, திரும்பக் கதவை மூடி ஆக்சிஜனைக் குறைத்திருக்கிறார்கள். அதற்குள் புரோகிராம் செத்துவிட்டது. விளக்கு பச்சையாகவே நின்றது. விட்டுப்போன கூடையை எடுக்க சங்கிலியம்மாள் உள்ளே போனாள். அவள் மகள் பாண்டீஸ்வரிதான் தேடிப்போய்ப் பார்த்திருக்கிறாள். பச்சைதான் எரிந்தது என்று அந்தப் பெண் இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

ஏஞ்சல் துக்க வீட்டு வாசலில் போய் விழுந்து அழுதாள். அந்தக் கட்டளையை எழுதியதாகத்தான் ஞாபகம் என்று என்னிடம் சொன்னாள். “எல்லாருக்கும் வர்ற மறதிதாம்மா” என்று தேற்றினேன். நம்பிவிட்டாள். தன் தப்புதான் என்று உங்களிடம் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பாவம்தான்.

அவளுக்காக இரங்கித்தான் இங்கே வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நேற்றுப் பேப்பரில் பார்த்தேன். அனுபவமில்லாத ஒருவரின் கவனக்குறைவு என்று போட்டிருந்தார்கள். கவனக்குறைவா? எந்தத் திரையிலும் தெரியாமல், எந்தச் சோதனையிலும் சிக்காமல், ஒரே ஒரு கட்டளையை எடுத்துச் செய்த வேலை அது. இவ்வளவு சுத்தமாகச் செய்ய அந்தப் பிள்ளைக்கு இன்னும் வராது, ஐயா.