புள்ளத்தாச்சி வூட்டு மரம்

...வர்றான், மரத்த சுத்தி ஒரு ரவுண்டு அடிக்கிறான், அண்ணாந்து பாத்து ‘ம்ம்’முங்கறான், அப்பால பைக்க எடுத்துகினு போயே பூடறான்! ஆவணியிலேர்ந்து இதே கததான் தம்பி. மரம் வெட்ற ஆளுங்களா அவனுங்க? மரம் பாக்குற ஆளுங்க! பொண்ணு பாக்க வர்றவன் கூட பஜ்ஜி துன்னுட்டுதான் எயுந்து போறான். இவனுங்க குடுத்த காப்பியக் கூட குடிக்கல.

நீ குந்து. தோ, அந்த கல்லு மேல குந்து. கவுறு பத்தலன்னு ஒங்கூட்டாளி ஒரகடம் போயிருக்கான், அவன் வர்ற வரைக்கும் மரம் அறுக்குற மெஷின புடிச்சிகினு நின்னுகினே இருப்பியா? ...ஐய, பேந்த பேந்த முயிக்கிறான் பாரு. பைட்டோ! ஆங், குந்திட்டான். எங்க வூட்டுக்காரரு கம்பெனி கேட்டுல செக்யூரிட்டி, இந்தியில நாலு வாத்தை தெரியும் அவருக்கு. அதுல ஒண்ண நான் புடுங்கிகினேன்.

ஒம்பேரு இன்னாமோ சொன்னான் ஜெபகுமாரு... மனோரஞ்சன். நம்ம வாயில நொழையாது, மனோகரன்னு கூப்டறேன், கோச்சிக்காத. அந்த ஜெபகுமாரு கீறானே, மரம் வெட்ட ஆள் அனுப்புற மேஸ்திரி, அவன் இன்னா சொன்னான் தெரியுமா என்ன பாத்து? “சந்திரம்மாக்கா, வாலாஜாபாத்துலேர்ந்து சுங்குவார்சத்திரம் வரைக்கும் எவனும் ஒங்க தெருப் பக்கம் வர மாட்டேங்குறான். கடேசியா ஒரு ஆள அனுப்புறேன். ஒரிசாக்காரன். ஒரு வாத்தை தமிழு தெரியாது. நீங்க தயவு செஞ்சி வூட்டுக்குள்ளயே இருங்க”ங்கறான். நான் இன்னா கடிச்சா வெச்சிடுவேன்? ரெண்டு வாத்தை பேசுவேன். பேசறதுக்குத்தான வாயி?

ஆனா ஒண்ணு, ஒனக்கு தமிழு தெரியாதது எனக்கு எவ்ளோ நிம்மதி தெரியுமா! எங்க வூட்டுக்காரருக்கு தமிழு நல்லா தெரியும், கேக்காத மாதிரி குந்திகினு இருப்பாரு. நீ நல்லா கேக்குற, ஆனா ஒண்ணும் புரியாது. ரெண்டுத்துல நீ தேவல.

பாரு, மரத்தப் பாரு. ரெண்டும் தூங்குமூஞ்சி மரம். எங்க மாமனாரு நெயலுக்குன்னு நட்டாரு, நல்ல மனுசன். இப்ப நெயலு வூட்டுக்குள்ளயே வந்து குந்திகிச்சி, பட்டப்பகல்ல லைட்டு போட்டாதான் அரிசியில கல்லு தெரியுது. வேரு போயி பாத்ரூம் தரைய தூக்கிடுச்சி. தண்ணி ஊத்திகினா தண்ணி வெளிய போவாது, நம்ம காலடிக்கே திரும்பி வரும். சாயந்தரமானா மரம் எலைய மூடிகினு ஜம்முனு தூங்கிரும். எந்த கெள எப்ப வுயுமோன்னு நாங்க முயிச்சிகினு கெடக்கணும். நல்லாத்தான் வெச்சாங்க பேரு!

இந்தப் பக்கம் கம்பெனிக்கு எடம் எடுத்தாங்களே, அப்ப தோப்பு தோப்பா மரத்த சாச்சானுங்க தம்பி. ஒரே வாரத்துல மைதானம். என் ரெண்டு மரத்துக்கு மட்டும் ஊருல ஆள் இல்ல!

சரி, இருந்தது இருந்துட்டுப் போவட்டும்னு வுட்ருப்பேன். ஆனா எம்பொண்ணு கலைமதி வரணுமே. ஒரே பொண்ணு எனக்கு. எலெக்ட்ரானிக் கம்பெனியில லைன் சூப்பர்வைசரு, நூறு பேர மேய்ப்பா. அவளுக்கு ஆவணியில வளைகாப்பு. மாப்ள வூடு வாலாஜாபாத்து, அங்கதான் வெச்சாங்க. வளைகாப்பு முடிஞ்ச கையோட பொண்ண தாய் வூட்டுக்கு இட்டுகினு வரணும்ல? அதான மொற? மாப்ள சுபாஷு கார்ல கூட்டியாந்தாரு. அவரு கார் கம்பெனியில குவாலிட்டி செக்கிங்கு. குறை கண்டுபுடிக்கிறதுக்கு சம்பளம் வாங்கற மனுசன், சொல்லணுமா? மொத நாளு அடிச்ச காத்துல ஒரு கெள முறிஞ்சி பாத்ரூம் ஷீட்டு மேல வுயுந்து, ஷீட்டு அப்பளமா கெடக்குது. அத நாங்க எடுத்துக்கூட போடல. கேட்டுகிட்ட கார நிறுத்தி அண்ணாந்து பாத்தாரு. எறங்கவே இல்ல. “அத்தே, இந்த மரத்துக்கு கீய எம்பொண்டாட்டிய வுட மாட்டேன்”னு சொல்லிட்டு ரிவர்ஸ் எடுத்தாரு. ஆரத்தித் தட்டோட நான் நிக்கிறேன்! எம்பொண்ணு கண்ணாடிய எறக்கி கைய ஆட்டினா பாரு, ரெண்டு கையிலயும் மொயங்கை வரைக்கும் வளையலு... வளையலு சத்தம்தான் தம்பி எங்க வாசலுக்கு வந்துச்சி. அவ வரல.

அன்னிக்கு சாயந்தரமே சம்மந்தியம்மா போனு. மஞ்சுளான்னு பேரு. “நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க சம்மந்தி, எங்களுது மாடி வூடு, மரம்ங்கற பேச்சே கெடையாது, தொளசி கூட தொட்டியிலதான் கீது, பிரசவத்த நாங்களே பாத்துக்கறோம்.” கொரல்ல சக்கர வயியுது! மொத பிரசவம் தாய் வூட்ல இல்லன்னா ஊரு இன்னா பேசும்? ஊர வுடு. ஊரு எப்பவும் எதுனா பேசிகினுதான் கெடக்கும். எம்பொண்ணுக்கு வலி எடுக்கறப்போ கைய புடிச்சிக்க நான் பக்கத்துல வேணாமா? அவ சின்ன வயித்து வலிக்கே என்னத்தான் புடிச்சிகினு அயுவா.

ஐப்பசி வந்தா அவளுக்கு ஒம்பது. மயையும் அதே ஐப்பசிதான். அதுக்குள்ள மரம் போவணும், அவ வரணும். அவ்ளோதான் நான் கேக்குறது.

அதான் மொதல்ல நயினாரு வந்தாரு. மரவாடி வெச்சிருக்காரு, நல்ல வேலக்காரரு. மரத்த தட்டிப் பாத்தாரு, நாளைக்கே ஆரம்பிச்சிரலாம்னாரு. எனக்கு சந்தோசம் தாங்கல. காப்பி போட்டுக் குடுத்து, “சீக்கிரம் முடிச்சிக் குடுங்க, எம்பொண்ணு மாசமா கீறா”ன்னேன். இத சொன்னது ஒரு தப்பா? காப்பி டம்ளர வாய்க்கிட்ட கொண்டு போன மனுசன் அப்டியே தரையில வெச்சாரு! “யம்மா, புள்ளத்தாச்சி கீற வூட்ல தேங்காயே ஒடைக்க மாட்டாங்க. என்ன போயி மரத்த வெட்ட சொல்றியே, எனக்கும் புள்ளகுட்டி கீது”ன்னாரு. “அவ இங்க இல்லய்யா, வாலாஜாபாத்துல கீறா”ன்னேன். “அவ வர்றதுக்குத்தான வெட்ற? அப்ப அவ பேருலதான வெட்ற?”ன்னாரு. மடக்கிட்டாரு! போயிட்டாரு.

சரி, இதெல்லாம் பாக்காத ஆளா புடிப்போம்னு ஏசுவடியான புடிச்சேன். தவறாம சர்ச்சிக்கு போறவரு, இந்த தேங்கா பூசணிக்கா பேச்செல்லாம் அவருக்கு கெடையாது. ஏறி கவுறு கட்டி, மெஷின கூட ஸ்டார்ட் பண்ணிட்டாரு. நான் கம்முனு இருந்திருக்கலாம். மனசு கேக்கல. கீய நின்னுகினு, “அண்ணே, புள்ளத்தாச்சி வூட்டு மரம்ணே இது, ஒங்க சாமிக்கு இதுல ஒண்ணும் இல்லல்ல?”ன்னேன். ஒரு வாத்தைதான். மெஷினு நின்னுபோச்சி. எறங்கி வந்தாரு. “எங்க சாமிக்கு ஒண்ணும் இல்லம்மா. எங்க வூட்டுக்காரிக்கு கீது. தெரிஞ்சா என்ன வெட்டிருவா”ன்னாரு. போறப்ப எம்பொண்ணுக்காக கண்ண மூடி ஒரு ஜெபம் பண்ணிட்டுதான் போனாரு, அத சொல்லணும். ஜெபம் நல்லா நடந்துச்சி. மரம்தான் அப்டியே கீது.

எங்க வூட்டுக்காரரு ஷிப்டு முடிஞ்சி வந்து கத்தறாரு. மாசத்துல ஒரு நாளு பேசுவாரு, அன்னிக்குப் பாத்து பேசறாரு. “நீ ஏண்டி சொல்ற? சொல்லாம இருந்தா இந்நேரம் வெட்டிருப்பானுங்கல்ல?” நல்லா கீதே நாயம்! சொல்லாம வெட்டி, நாளைக்கு எதுனா ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது? அவரா? அவரு கேட்டுல போயி நின்னுக்குவாரு.

ஒனக்குத்தான் புரியாதே, ஒன் கைல சொல்றேன். ஏசுவடியான் மெஷின நிறுத்தினாரு பாரு, அப்ப எனக்கு வயித்தெரிச்சலு ஒரு பக்கம். இன்னொரு பக்கம்... அப்பாடான்னு இருந்துச்சி. மெய்யாலுமே. அந்த மெஷினு ‘ர்ர்ரு’ன்னதும் ரெண்டு காதையும் பொத்திகினேன். மரம் வேணாம். ஆனா மரத்துல வாளு படறத நெனச்சா, அது அவ வயித்துல படற மாதிரியே கீது. எனக்கு பயம் தம்பி. ரொம்ப பயம். வெட்டாம வுட்டா அவ வர மாட்டா, வெட்டினா அவளுக்கு எதுனா ஆயிடுமோன்னு பயம். இதுல நான் எங்க போயி முட்டிக்கறது?

அப்பால போன் பண்ணா எவனும் எடுக்கறதில்ல. சந்திரம்மான்னு பேர சொன்னாலே ‘நெட்வொர்க் இல்லக்கா’ன்னு வெச்சிடறானுங்க. அது... அதுக்கு வேற ஒரு கத கீது. அது ஒண்ணும் பெரிய விசயம் இல்ல. வெயிலு காலத்துல லைன்மேனுங்க வந்தாங்க, ஒயரு மேல சாஞ்ச கெளையெல்லாம் வெட்டிட்டுப் போறதுக்கு. ஆமா, சும்மாதான், பைசா கெடையாது, நம்ம ஒரு வேலையும் செய்ய வேணாம். அன்னிக்கே வுட்ருந்தா வூட்டுப் பக்கம் பாதி மரம் கொறஞ்சிருக்கும். ஆனா அப்பதான் கலைமதிக்கு நாள் தள்ளிப் போயி, எனக்கு மட்டும் போன்ல சொல்லி வெச்சிருந்தா. ‘யார்கிட்டயும் சொல்லாதம்மா’ன்னா. நான் யார்கிட்டயும் சொல்லல! ஏணிய சாத்தினதும் ஓடிப்போயி மரத்த கட்டிப் புடிச்சிகினேன், அவ்ளோதான். “புள்ளத்தாச்சி வூட்டு மரத்துல கத்தி வெச்சா, வெச்சவன் வம்சம் வெளங்காது!”ன்னு கொஞ்சம் சத்தமா சொல்லிட்டேன். ரெண்டு கையால மண்ண வாரி தூத்தினேன். காத்து எதிர் காத்து, மண்ணு பூரா எம்மூஞ்சியிலயே வந்து வுயுந்துச்சி, அது வேற.

எதுர் வூட்டு தென்றலு, காலேஜி படிக்கற பொண்ணு, இத வீடியோ எடுத்து போட்டுட்டா. ஏரியா பூரா ஓடுச்சி. எம்பொண்ணு முயுவாம கீறான்னு சம்மந்தியம்மாவுக்கே அதுல பாத்துதான் தெரியும்! இன்னி வரைக்கும் அத சொல்லிக் காட்டுது. ஏசுவடியான் போனப்பறம்தான் அது மரம் வெட்ற ஆளுங்க வாட்ஸாப்பு குரூப்புக்கு போச்சாம், இப்ப அங்க நான்தான் பேமஸ்னு ஜெபகுமாரு சொல்றான். சாபம் குடுத்தது லைன்மேனுக்கு. இவனுங்க ஏன் எடுத்துக்கணும்? நீயே சொல்லு, இதுல எந்தப்பு இன்னா கீது...

...இன்னா சிரிக்கிற?

இல்ல, நீ சிரிச்ச. மண்ணு எம்மூஞ்சியில வுயுந்துச்சின்னப்பயே ஒதட்ட கடிச்ச. சம்மந்தியம்மான்னதும் சிரிச்சிட்ட. கரெக்டா சிரிக்க வேண்டிய எடத்துல சிரிக்கிற! மனோகரா, எம்மூஞ்சப் பாத்து சொல்லு. ஒனக்கு தமிழு தெரியுமா?

இன்னாது... எல்லாமேவா? மொதல்லேர்ந்தா? அடப்பாவி! ஆறு வருசமா சுங்குவார்சத்திரத்துலயா? ‘பைட்டோ’ன்னதும் ஒண்ணும் தெரியாத கொயந்த மாதிரி குந்துனியே! ...ஜெபகுமாரு சொல்லிக் குடுத்தானா, தெரியாத மாதிரி நில்லுன்னு? வரட்டும் அவன்.

சரி. அப்ப நீயும் எல்லாத்தையும் கேட்டுட்ட. போ. ஒன்ன தப்பு சொல்ல மாட்டேன், நீ நல்லா கேட்டுகினு இருந்த. மெஷின தூக்கி பைல போடு, கெளம்பு. இன்னாத்துக்கு இப்ப போன எடுக்கற? ஜெபகுமாருக்கா? ...எனக்கா? இன்னா காட்டற? கிட்ட கொண்டா, கண்ணாடி உள்ள கீது.

ஐய... யாரு இது? ஒன் கொயந்தயா? எப்ப பொறந்துச்சி, போன மாசமா? பொம்பளப் புள்ள! ஐயோ என் தங்கம், இன்னா முடி பாரு தலையில! கன்னம் பன்னு கணக்கா கீது. மையில திஷ்டிப் பொட்டு வெச்சிருக்கீங்களே, ஒங்க ஊர்லயும் வெப்பீங்களா? வெக்கணும், வெக்கணும். இந்த அயகுக்கு கட்டாயம் வெக்கணும். அம்மா நல்லா கீறாளா? இங்கதான் கீறாளா, ஒன் ரூம்லயே? சரி, சரி.

...இரு. போன மாசம் பொறந்துச்சின்னா... நீ ஆறு வருசமா இதே மரம் வெட்ற வேலதான பண்ற? அப்ப அவ முயுவாம இருந்தப்போ? அப்பவும் வெட்டுனியா? மாசா மாசமா? வல்லம் ரோட்டுல வரிசையா நின்னுச்சே புளியமரம், அதெல்லாம் நீயா வெட்டுன? எல்லாத்தையுமா?

ஒம்பொண்டாட்டி ஒண்ணும் சொல்லலயா? ...சொன்னாளா. இன்னா சொன்னா?

‘வெட்டலன்னா இன்னா துன்றது’ன்னாளா.

...

இன்னொரு வாட்டி காட்டு. கையப் பாரு, எத்தையோ புடிச்சிகினு வுட மாட்டேன்னு மூடி வெச்சிகினு கீறா. காலு ரெண்டும் ஒதைக்கிற காலு.

தோ, ஒங்கூட்டாளி வந்துட்டான் கவுறோட. எயுந்துரு. வூட்டு மேல சாஞ்சிருக்கு பாரு, அந்த பெரிய கெள, அத மொதல்ல எறக்கு. கவுறு கட்டி மெதுவா எறக்கு, நீயும் பாத்து நில்லு. ...பயம் போச்சான்னா கேக்குற? எங்க போச்சி, அப்டியேதான் கீது. அது கெடக்கட்டும், நீ ஏறு.

டேய், போன எங்க பைல போடற? அத இப்டி குடு. மெஷினு நிக்கிற வரைக்கும் நான் இவளப் பாத்துகினு நிக்கிறேன்.