ஜீன் ஆடுகிற பெண்

நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. மந்தைவெளி பஸ் ஸ்டாப்பில் அந்த அம்மாவும் காலேஜ் படிக்கிற மகளும் சத்தமாகத்தான் பேசினார்கள்.

“நாளைக்கு காலேஜ்ல நான் ஜீனா ஆடறேம்மா.”

“அப்படின்னா?”

“பரம்பரையா வர்றது. பின்னல் கோலாட்டத்துல அம்மா வழி ஒரு கயிறு, அப்பா வழி ஒரு கயிறு. ரெண்டும் ஒரே குடும்பமா இருந்தா, மறைஞ்சிருக்கிற வியாதி குழந்தைக்கு வரலாம்னு ஆடிக் காட்டறோம்.”

“ஏண்டி, உன்னை என் தம்பிக்கு நிச்சயம் பண்ணியிருக்கு. அவன் வேற பார்க்க வரான்!”

“நான்தான் மாமாவைக் கூப்பிட்டேன். வாயால சொன்னேன், ஆத்துல யாரும் கேக்கலை.”



“அவன் டான்ஸுன்னாலே தூங்கிடுவானேடி.”

“முன்வரிசையில உக்கார வெச்சிருக்கேன். கோல் சத்தத்துல யார் தூங்குவா?”