இடது பக்கம் போகும் அம்பு

சந்திரமதி: இன்னும் இழுங்க… இன்னும்… நாண் தாடையைத் தொடணும். ம்… அப்படியே நில்லுங்க.

பொன்னுதுரை: எவ்வளவு நேரம்?

சந்திரமதி: நான் பாத்து முடிக்கிற வரைக்கும்.

பொன்னுதுரை: தோள் வலிக்குது.

சந்திரமதி: வலிக்கட்டும்… கீழ்ப் பாதி கொஞ்சம் விறைப்பா இருக்கு. சரி, மெதுவா இறக்குங்க. சட்டுன்னு விட்டுடாதீங்க, அம்பில்லாம நாணை விட்டா வில்லு உடைஞ்சிடும்.

ஜெயபாலன்: போன வாரமும் கீழ்ப் பாதிதானே விறைப்புன்னு சொன்னே?

சந்திரமதி: போன வாரம் மேல் பாதிண்ணே.

ஜெயபாலன்: அதுக்கு முந்தின வாரம்?

சந்திரமதி: நீ உன் வண்டிச் சக்கரத்தைப் பாரு.

ஜெயபாலன்: சக்கரம் செஞ்சு குடுத்தா ஓடுது. வாராவாரம் திரும்பி வந்து நிக்கிறதில்ல. ஏன் கிராணியாரே, நீங்க எழுத்து வேலை பாக்குற நில ஆபீஸ் வெள்ளைக்காரத் துவானோட வில்லு எத்தனை நாள்ல முடிஞ்சுது?

பொன்னுதுரை: ஒரு மாசம். நான்தானே வந்து வாங்கிட்டுப் போனேன்.

ஜெயபாலன்: அதே பட்டறை, அதே நிபோங் மரம், தேய்ச்சது இதே தங்கச்சி. அந்த மனுசன் வில்லைக் கட்டிக்கிட்டு சீமைக்கே கப்பல் ஏறிட்டாரு. மெர்டேக்கான்னு சுதந்திரம் வந்தாச்சு, கொடியை மாத்தியாச்சு. உங்க வில்லு மட்டும் இன்னும் முடியல.

பொன்னுதுரை: எனக்கு அவசரம் இல்லண்ணே.

ஜெயபாலன்: எப்படி இல்லாமப் போகும்? மாத்தலாகி திங்கக்கிழமை கோத்தா பாருவுக்கு ரயிலேறப் போறீங்க. துவான் உக்காந்த மாதிரி நாற்காலி, தலைக்கு மேல காத்தாடி…

பொன்னுதுரை: காத்தாடி இங்கயும் இருக்கு.

ஜெயபாலன்: அது துவான் தலைக்கு மேல இருந்துச்சு. சரி, நீயே கேளும்மா. அம்பு இன்னும் இடது பக்கமாத்தான் போகுதா?

சந்திரமதி: போன ஞாயித்துக்கிழமை பாடாங்கு மைதானத்துக் கிளப்புல அடிச்சுப் பாத்தீங்களா?

பொன்னுதுரை: பாத்தேன்.

சந்திரமதி: எப்படிப் போச்சு?

பொன்னுதுரை: இடது பக்கம்தான். ஆனா… முன்னைக்கு இப்ப பரவாயில்ல.

ஜெயபாலன்: எத்தனை முழம் விலகுது?

பொன்னுதுரை: அது… ஒரு முழம் இருக்கும்.

ஜெயபாலன்: அம்பையும் கொண்டு வாங்கன்னு தொண்டை வறளச் சொல்லிட்டேன். குத்தம் வில்லுலயா அம்புலயான்னு பாத்தாத்தானே தெரியும்?

பொன்னுதுரை: மறந்துட்டேன்.

ஜெயபாலன்: புக்கிட் பாருல இருந்து சைக்கிள்ல வில்லைக் கட்டிக்கிட்டு வர்றீங்க, அம்பை மறந்துடுறீங்க. நல்ல கிராணி!

சந்திரமதி: விடுண்ணே. ஆளைப் போட்டு வாட்டாத.

ஜெயபாலன்: வாட்டலம்மா. எனக்கு இன்னிக்கு ஒரு பதில் வேணும். ரஹீம் பாய் வர்றாரு.

சந்திரமதி: துணிக்கடை பாயா? எதுக்கு?

ஜெயபாலன்: அவரு மருமகன் பள்ளிக்கூடத்துல வாத்தியாரு. பிள்ளைங்களுக்கு வில்லடிக்கச் சொல்லித் தரப் போறாராம். ஆறு வில்லு வேணுமாம்.

சந்திரமதி: ஆறா!

ஜெயபாலன்: துள்ளாத. டவுன் கடையில சீமை இரும்பு வில்லு வந்து இறங்கியிருக்கு. நம்ம வெலையில பாதி. மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. பாய் கேக்குறாரு, "ஜெயபாலா, நீ கேக்குற கூடுதல் காசுக்கு உன் வில்லுல என்ன இருக்கு?"ன்னு. நான் என்ன சொல்லட்டும்?

சந்திரமதி: நம்ம வில்லு ஆளோட கைக்குச் செய்யறது. இரும்பு வில்லு எல்லாருக்கும் ஒண்ணுதான்.

ஜெயபாலன்: அதைச் சொன்னேன். அதுக்கு அவரு, "பொன்னுதுரை கிராணி கைக்கும் அப்படித்தானே செஞ்சே? ரெண்டு மழைக்காலம் போச்சு, அம்பு இன்னும் இடது பக்கம் போகுதாமே"ன்னுட்டாரு.

பொன்னுதுரை: அவருக்கு யார் சொன்னா?

ஜெயபாலன்: இந்தக் காஜா பேராங்கு வட்டாரத்துல யாரும் சொல்லணுமா? சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டதும் முதுகுல வில்லோட இந்தத் தெருவுல வர்றீங்க. கோப்பிக் கடையில உங்களைப் பாத்துத்தான் மணி சொல்றாங்க. கிராணியாரே, நீங்களே நேர்மையாச் சொல்லுங்க. கடை வில்லை வாங்கியிருந்தா இந்த அலைச்சல் உண்டா?

பொன்னுதுரை: கிடையாது.

ஜெயபாலன்: பாத்தியா?

பொன்னுதுரை: இருந்தாலும் நான் இதைத்தான் வாங்கியிருப்பேன்.

ஜெயபாலன்: இடது பக்கம் போற வில்லையா?

பொன்னுதுரை: ஆமா.

ஜெயபாலன்: இதைப் போயி பாய்க்கிட்டச் சொன்னா சிரிப்பாரு. நான் கோப்பி வாங்கிட்டு வரேன். பாய் வர்றதுக்குள்ள அந்தக் கீழ்ப் பாதியை ஒரு வழி பண்ணும்மா. இல்லன்னா நான் ஒரு முடிவு பண்ணிடுவேன்.

சந்திரமதி: என்ன முடிவு?

ஜெயபாலன்: வந்து சொல்றேன்.

பொன்னுதுரை: கோவமாப் போறாரா?

சந்திரமதி: அண்ணனுக்குக் கோவம் வந்தா கோப்பி வாங்கப் போகும். பழக்கம். உக்காருங்க.

பொன்னுதுரை: பரவாயில்ல, நிக்கிறேன். நீங்க தேய்க்கிறதைப் பாக்கணும்.

சந்திரமதி: இதுல பாக்க என்ன இருக்கு? போத்தல் சில்லு, மரம்…

பொன்னுதுரை: தூளே விழலையே.

சந்திரமதி: என்னது?

பொன்னுதுரை: இவ்வளவு நேரமாத் தேய்க்கிறீங்க. கீழ ஒரு தூள் விழல.

சந்திரமதி: கடைசி வேலை. தூள் கண்ணுக்குத் தெரியாது.

பொன்னுதுரை: போன மாசமும் கடைசி வேலைன்னுதான் சொன்னீங்க.

சந்திரமதி: … விரலைக் காட்டுங்க.

பொன்னுதுரை: எதுக்கு?

சந்திரமதி: காட்டுங்களேன். வலது கை. ம்… வாராவாரம் நாண் இழுக்கிறவங்களுக்கு இந்த மூணு விரலும் காய்ச்சுப் போயிருக்கும். உங்க துவான் கையில பாத்திருக்கேன். உங்க விரல்ல மைதான் இருக்கு.

பொன்னுதுரை: தோலுறை போட்டுக்கிறேன்.

சந்திரமதி: ஓ… தோலுறை. நல்ல தோலுறையா இருக்கும்.

பொன்னுதுரை: … அந்த நூல் இன்னும் ஆணியிலயே தொங்குது.

சந்திரமதி: உங்க அளவு நூல்தான். மொத நாள் கையை விரிக்கச் சொல்லி, இந்த விரல் நுனியில இருந்து அந்த விரல் நுனி வரைக்கும் எடுத்தது.

பொன்னுதுரை: ஞாபகம் இருக்கு. ரெண்டு தடவை எடுத்தீங்க.

சந்திரமதி: மொத தடவை நீங்க மூச்சை அடக்கிட்டீங்க. நெஞ்சு ஏறிடுச்சு, அளவு தப்பிப் போச்சு.

பொன்னுதுரை: துவானோட நூல் எங்க?

சந்திரமதி: அவரு வில்லுலதான். வில்லு முடிஞ்சதும் அளவு நூலை அதோட பிடியில சுத்திக் கட்டிடுவோம். எங்க பட்டறை வழக்கம். அதுக்கப்புறம் வில்லுல யாரும் சில்லு வைக்கக் கூடாது. கோயில் அம்புத் திருவிழாவுக்கு எங்கப்பா மொத வில்லு செஞ்ச நாள்ல இருந்து அப்படித்தான்.

பொன்னுதுரை: சுத்தினதுக்கு அப்புறம்?

சந்திரமதி: அப்புறம் என்ன… எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. வில்லு முடிஞ்சவங்க யாரும் இந்தப் பக்கம் திரும்பி வந்ததில்ல.

பொன்னுதுரை: அப்ப என் வில்லுக்கு இன்னிக்கு நூல் சுத்தணுமா?

சந்திரமதி: திங்கக்கிழமை போறீங்களே.

பொன்னுதுரை: மாத்தல் வேண்டாம்னு எழுதிக் குடுக்கலாம்.

சந்திரமதி: காரணம் கேப்பாங்க. என்னன்னு எழுதுவீங்க?

பொன்னுதுரை: வில்லு முடியலன்னு.

சந்திரமதி: சிரிக்க வைக்காதீங்க. கை தவறிடப் போகுது.

பொன்னுதுரை: தூள் விழாத சில்லுதானே, தவறினா என்ன?

சந்திரமதி: … கேட்டுக்குங்க. கோத்தா பாருல கடல் காத்து. நாணுக்கு வாரம் ஒரு தடவை தேன்மெழுகு பூசுங்க. உஜோங் பாசிர்ல வலை பின்றவங்க முறுக்கிக் குடுத்த நாண், சீக்கிரம் அறுந்துடாது. வெயில்ல சாத்தி வைக்காதீங்க.

பொன்னுதுரை: சரி.

சந்திரமதி: அடிச்சு முடிச்சதும் நாணைக் கழட்டிடணும். இதை மட்டும் மறக்கக் கூடாது. எப்பவும் நாண் ஏத்தியே வச்சிருந்தா வில்லு வளைஞ்சபடியே தங்கிடும். அப்புறம் அதுக்கு நிமிரத் தெரியாது.

பொன்னுதுரை: நீங்க கழட்டலையே.

சந்திரமதி: எதை?

பொன்னுதுரை: … ஒண்ணுமில்ல. தப்பாப் பேசிட்டேன்.

சந்திரமதி: இல்ல. சொல்லுங்க.

பொன்னுதுரை: ஜப்பான்காரன் காலத்துல சயாம் ரயில் பாதைக்குப் பிடிச்சுக்கிட்டுப் போன மனுசன்… உங்களுக்கு ஒரு சேதியும் வரலன்னு அண்ணன் சொல்லியிருக்காரு.

சந்திரமதி: வரல. செத்துட்டாருன்னு யாரும் சொல்லல. இருக்காருன்னும் யாரும் சொல்லல. அதனால பொட்டையும் அழிக்கல, தாலியையும் கழட்டல. கல்யாணம் ஆகி ஒரு தீபாவளிதான் சேர்ந்து இருந்தோம். இப்ப முகத்தைக் கண்ணை மூடித் தேடுறேன்… பாதிதான் வருது.

பொன்னுதுரை: நான் கேட்டிருக்கக் கூடாது.

சந்திரமதி: இவ்வளவு நாளா நீங்க கேக்கலையே. அதான் உங்க வில்லு…

பொன்னுதுரை: என் வில்லு?

சந்திரமதி: … அண்ணன் வருது.

ஜெயபாலன்: இந்தாங்க, கோப்பி ஓ, பால் இல்லாதது. சூடு, மெதுவா. பாய் கடையை மூடிட்டாரு, அதோ தெருமுனையில வந்துக்கிட்டு இருக்காரு. என்னாச்சு கீழ்ப் பாதி?

சந்திரமதி: இன்னும் கொஞ்சம்…

ஜெயபாலன்: போதும்மா.

சந்திரமதி: என்ன போதும்?

ஜெயபாலன்: வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டு வந்தேன். பொய் சொல்லி வித்து எனக்குப் பழக்கமில்ல. ஒரு கிராணி கைக்கே ஒழுங்கா ஒரு வில்லு செய்ய முடியல, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஆறு பேரு கைக்கு எப்படிச் செய்வேன்? இரும்பு வில்லே வாங்கிக்கச் சொல்லிடப் போறேன்.

சந்திரமதி: அண்ணே…

ஜெயபாலன்: இனிமே வில்லு வேலையும் வேண்டாம். சக்கரம், கட்டில், அலமாரி போதும். கிராணியாருக்கு வாங்கின காசைத் திருப்பிக் குடுத்துடறேன்.

பொன்னுதுரை: காசு வேண்டாண்ணே. வில்லு நல்ல வில்லு.

ஜெயபாலன்: உங்க நல்ல மனசு. அம்பு இடது பக்கம் போகுதே!

சந்திரமதி: வில்லு வேலையை நிறுத்திட்டா நான் என்ன செய்யறது?

ஜெயபாலன்: நான் என்ன ஆசைப்பட்டா சொல்றேன்? உன் கை மாதிரி ஒரு கை இந்த மலாக்காவுலயே இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தவன் நான்தானே. இப்ப செமாபோக் வரைக்கும் சிரிக்கிறாங்க. எனக்குச் சிரிப்பு வலிக்கல. உன் கையைச் சொல்றாங்களேன்னுதான்… வாங்க பாய்! இந்தா வந்துட்டேன், அந்த நிழல்ல உக்காருங்க!

சந்திரமதி: அண்ணே, நில்லு. ஆணியில இருக்கிற நூலை எடுத்துக் குடு.

ஜெயபாலன்: எதுக்கு?

சந்திரமதி: பிடியில சுத்தணும்.

ஜெயபாலன்: கீழ்ப் பாதி விறைப்புன்னியே?

சந்திரமதி: விறைப்பு இல்ல. மேல் பாதியிலயும் இல்ல. பாய்க்கிட்டப் போய்ச் சொல்லு, இதை விட நல்ல வில்லு நான் செஞ்சதில்லன்னு. போன பொங்கலுக்கே முடிஞ்சுடுச்சு.

ஜெயபாலன்: பொங்கலுக்கா? அப்ப ஒவ்வொரு வாரமும் சில்லை வச்சுத் தேய்ச்சியே?

சந்திரமதி: சில்லோட மழுங்கின பக்கத்தை வச்சுத் தேய்ச்சேன்.

ஜெயபாலன்: ஏம்மா?

சந்திரமதி: … நூலைக் குடுண்ணே.

ஜெயபாலன்: இரு, எனக்கு ஒண்ணும் புரியல. பொங்கலுக்கே முடிஞ்ச வில்லுன்னா, கிராணியாரே, வாராவாரம் எப்படி உங்க அம்பு இடது பக்கம் போச்சு? இந்தா நூலு, நீ சுத்தும்மா. அவரு சொல்லட்டும்.

பொன்னுதுரை: சுத்தாதீங்க.

சந்திரமதி: ஏன்?

பொன்னுதுரை: அந்தப் பாடாங்குக் கிளப்புல என் மாதிரி ஆளுங்களைச் சேர்க்கிறதே இல்ல… நான் இன்னும் ஒரு அம்பு கூட வாங்கல.