வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு நித்திரை வருவதில்லை

முதலில் நிறுத்தியது கத்தரிக்காயைத்தான். அது கிரந்தி, உடம்புக்கு ஆகாது என்று எல்லோரும் சொல்வார்கள், ஆகவே அதிலிருந்து தொடங்குவது நியாயமாகப் பட்டது. இரண்டு வாரம் கத்தரிக்காய் இல்லை. பிறகு அதைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு இறாலை நிறுத்தினோம். பிறகு தயிர். பிறகு உளுந்து. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது. இருபத்தாறு வருடம் பெண்பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்றாலும் போகாது.

என் கணவரின் வருத்தத்தைப் பற்றி ஒன்றும் விடாமல் எழுதித் தரும்படி சட்டத்தரணியான நீங்கள் உங்கள் புதுக்கடைக் கந்தோரில் வைத்துக் கேட்டீர்கள். அவர் சோதனைச் சாவடியில் நிற்காமல் நடந்துபோனதற்கு ஒரு நோய்தான் காரணம் என்று காட்ட முடிந்தால், தடுப்புக் காவலில் இருந்து அவரை எடுக்க வழியிருக்கிறது என்றும் சொன்னீர்கள். ஆகவே ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

அவர் பெயர் கனகசபாபதி, வயது ஐம்பத்திரண்டு என்பது உங்களிடம் இருக்கிறது. கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டட நிறுவனத்தில் படம் வரைபவர். அடிமட்டம் இல்லாமலே நேர்கோடு போடக்கூடிய கை. போன வருடம், தொண்ணூற்றாறு தை மாதத்திலிருந்து, அந்தக் கை பிசகத் தொடங்கியது. காலையில் எழுப்பினால் எழும்புவார், சாரத்தோடு கதிரையில் இருந்தபடியே திரும்பக் கண் மூடிவிடும். பத்து மணிக்கு மேசையில் தலையை வைத்துவிடுகிறார் என்று கந்தோரில் இருந்து சொல்லியனுப்பினார்கள். பிறகு வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள் வீட்டிலேயே நின்றுவிட்டார். உடம்பு மெலிந்தது. கதைக்கும்போது நாக்குத் தடித்தது.

சீனி பார்த்தோம், பிறஷர் பார்த்தோம். மருதானையில் ஓரிடத்தில் தலையைப் படம் பிடித்தோம். எல்லாம் சரியாக இருந்தது.

“உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. என்னை விட நல்லாய் இருக்கிறியள்,” என்றார் எங்கள் வெள்ளவத்தை டொக்டர்.

“அப்ப உங்கடை கட்டில்லை நான் கொஞ்சம் சரியட்டோ, டொக்டர்?” என்று இவர் கேட்டார். டொக்டர் சிரித்து முடிப்பதற்குள் இவர் சரிந்துவிட்டார்.

சாப்பாட்டில் ஏதோ ஒத்துவரவில்லை, என்ன சாப்பிடுகிறார் என்று எழுதி வையுங்கள் என்று டொக்டர் அன்றுதான் சொன்னார். நூற்றறுபது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். இடது பக்கம் சாப்பாடு, வலது பக்கம் நித்திரை. அடுத்த ஒழுங்கையில் இருக்கும் இவரின் தங்கை கனகேஸ்வரி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அந்தக் கொப்பியைச் சரிபிழை பார்ப்பாள். தமையன் என்றால் அவளுக்கு உயிர். “மச்சாள், புதன்கிழமை முருங்கைக்காய் எத்தினை துண்டு எண்டு எழுதேல்லையே,” என்பாள். நான் யோசித்துப் பார்த்து நாலு என்று எழுதுவேன்.

எட்டு மாதக் கொப்பியில் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை சாப்பிட்டால் அவருக்கு ஒன்றும் செய்வதில்லை. வியாழன் இரவுச் சாப்பாட்டின் மயக்கம் வெள்ளி மத்தியானத்தோடு தெளிந்துவிடும். அன்று பின்னேரம் நடக்கப் போவார், சனி காலையில் தானாகவே எழும்பிப் பேப்பர் வாசிப்பார். சனி இரவோடு பழையபடி. கந்தசஷ்டி வந்தபோது ஆறு நாளும் தெளிவாக இருந்தார், ஆறு தரம் சிரித்தார். டொக்டரின் மேசையில் கொப்பியை விரித்து வைத்து, கனகேஸ்வரி விரலால் காட்டினாள்.

“மச்சம்,” என்றார் டொக்டர். “வெள்ளிக்கிழமை சைவம், கந்தசஷ்டிக்குச் சைவம். இவருக்கு மீன் ஒத்துவரேல்லை.”

“யாழ்ப்பாணத்தானுக்கு மீன் ஒத்துவராதோ?” என்றார் இவர். “என்னைத் தொட்டிலிலை மாத்திப் போட்டினமோ தெரியாது.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மீன் இல்லை. இரண்டு மாதம் அவர் மிக நன்றாக இருந்தார். வலது பக்கத்தில் எழுத ஒன்றும் இருக்கவில்லை.

கொப்பியில் இல்லாத ஒரு விடயத்தை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அது அதில் இல்லாததற்குக் காரணம் நான் பொய் எழுதியது அல்ல. இடது பக்கத்தின் தலைப்பு சாப்பாடு. மாத்திரை சாப்பாடு அல்ல.

என் அம்மா தொண்ணூற்று நான்கு மார்கழியில் எங்களுடன் இருந்தபோது காலமானா. அவவின் நித்திரைக் குளிசைகள் ஒரு போத்தலில் மிச்சம் இருந்தன. தொண்ணூற்றாறு தையில் இவரை ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்திருந்து, பிறகு விடுவித்தார்கள். திரும்பி வந்தவர் படுக்கவில்லை. விடிந்ததும் வேலைக்குப் போவேன் என்று நின்றார். நான் மீன் குழம்பில் ஒன்றைப் பொடித்துப் போட்டேன். மறுநாள் முழுக்க நித்திரை கொண்டார். அன்று அவர் வழக்கமாகப் போகும் பஸ்ஸை மறித்து ஏழு பேரை இறக்கிக் கொண்டுபோனார்கள். எல்லோரும் தமிழர், எங்கள் ஆட்கள். ஒருவர் அவருடைய கந்தோரில் வேலை செய்தவர், இன்னும் வரவில்லை.

அதை நான் ஒரு பரிசோதனையின் முடிவாக எடுத்துக்கொண்டேன். நித்திரை கொள்பவரை ஒருவரும் பிடிப்பதில்லை.

தொடக்கத்தில், பயமான நாட்களில் மட்டும்தான். ஆனால் அந்த வருடம் எது பயமில்லாத நாள் என்று உங்களாலும் சொல்ல முடியாது. அவர் வெளியே போனால் பின்னேரம் ஐந்தரை மணிவரை நான் ஜன்னலை விட்டு அசையமாட்டேன். அவர் நித்திரை கொண்டால் அவருடைய செருப்பு வாசலில் இருக்கும். நான் அரிசி புடைப்பேன், றேடியோ கேட்பேன், இடையிடையே போய் அந்தச் செருப்பைப் பார்ப்பேன். இருபத்திநாலு வருடக் கலியாண வாழ்க்கையில் அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த காலம் அதுதான்.

வெள்ளிக்கிழமை நான் முருகனுக்கு விரதம். அன்றைக்குச் சமைக்கும் சட்டிகள் வேறு, மச்சம் படாத சட்டிகள். அவற்றில் அந்தக் காரியத்தைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. விரத நாளில் செய்யக்கூடாது என்று தெரிந்திருந்தால் அது பிழை என்றும் தெரிந்திருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். வெள்ளிக்கிழமை மீனும்தான் சாப்பிடக்கூடாது. அதற்காக மற்ற நாளில் மீன் சாப்பிடுகிறவர்களைக் குற்றவாளிகள் என்கிறோமா? வெள்ளிக்கிழமை அவரை முருகன் பார்த்துக்கொண்டார். மற்ற நாட்களில் நான் பார்த்துக்கொண்டேன்.

போத்தல் முடிந்ததும் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கலியாணம் முடித்த புதிதில் நாங்கள் அங்கேதான் இருந்தோம். அங்கே ஒரு மருந்துக்கடையில் மேபல் என்ற பெண் நிற்கிறா. அந்தக் காலத்திலேயே அம்மாவைத் தெரிந்தவ. அம்மாவின் பழைய மருந்துத் துண்டை நீட்டினால் போதும்.

“அம்மா எப்பிடி, டீச்சர்?”

“நல்லாய் நித்திரை கொள்ளுறா.”

“பாவம், நித்திரை கொள்ளட்டும். நான் மாதாவிட்டை அவவுக்காகச் சொல்லுறனான்,” என்று சொல்லிக் குளிசைகளை உறையில் போட்டுத் தருவா. நான் சொன்னதில் பொய் இருக்கவில்லை. மேபலுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை, அவவைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம்.

மீனை நிறுத்தியபோது எனக்குச் சங்கடம் வந்தது. வீட்டில் எல்லாச் சட்டியும் சைவச் சட்டியாகிவிட்டது. அந்த இரண்டு மாதமும் அவர் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போனார், நான் ஒவ்வொரு நாளும் ஜன்னலில் நின்றேன். எனக்கு முடி கொட்டியது. டொக்டரோ தன் கெட்டித்தனத்தை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகுதான் யோசித்தேன். தேத்தண்ணிக் கோப்பைக்குச் சைவம், மச்சம் என்ற பிரிவு எங்கள் வீட்டில் இருந்ததில்லை. தேத்தண்ணி சமையலும் அல்ல. இந்த வருடம் தை மாதம் இருபதாம் திகதியிலிருந்து வலது பக்கத்தில் திரும்ப எழுத வேண்டி வந்தது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வெறும் தேத்தண்ணிதான் கொடுத்தேன்.

இதற்கிடையில் இவரின் தம்பி கனடாவிலிருந்து பத்திரங்கள் அனுப்பியிருந்தார். இவர் அவற்றை ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் இருந்து நிரப்பினார். ஓர் எழுத்தும் கோடு தாண்டவில்லை. “உமக்கும் எனக்கும் ஒரு வருசத்திலை அலுவல் முடிஞ்சிடும். அங்கை போனால் நீர் ஜன்னல்லை நிக்கத் தேவையில்லை,” என்றார். நான் நிற்பது அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தூதரகத்தில் முதலில் கொடுத்த நேரம் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று அவரை எழுப்ப முடியவில்லை. கனகேஸ்வரி முகத்தில் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். பிறகு அவள்தான் ஒரு வழி சொன்னாள். “அண்ணாவுக்கு வெள்ளிக்கிழமை எண்டால் சுகம்தானே. வெள்ளிக்கிழமையா நேரம் கேப்பம். பின்னேரமாய்க் கேப்பம்.” கேட்டார்கள். கிடைத்தது. வைகாசி மாதம், வெள்ளிக்கிழமை, பின்னேரம் இரண்டு மணி.

அன்று மத்தியானம் அவர் முகம் வழித்து, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“இஞ்சரும், தலை கண்ணாடி மாதிரி இருக்கு. கனடாக்காரன் என்ன கேட்டாலும் சொல்லுவன்.”

“ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

ஒரு வெள்ளிக்கிழமையில் நான் அதைச் செய்தது அது ஒருமுறைதான். அடுத்த வெள்ளி அதற்காகத் தண்ணீரும் குடிக்காமல் இருந்து கழித்துவிட்டேன்.

தேத்தண்ணி குடித்தால் அவர் கதிரையில் இருந்து கால் மணித்தியாலம் பேப்பர் பார்ப்பார். அன்றும் அப்படிச் செய்திருந்தால் கதிரையிலேயே தூங்கியிருப்பார், ஒரு சேதமும் வந்திராது. அன்று அவர் பேப்பரைத் தொடவில்லை. நின்ற நிலையில் குடித்துவிட்டுச் செருப்பை விட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினார். காலி வீதிச் சாவடியில் மூன்று தரம் நிற்கச் சொன்னார்களாம். சிங்களம் அவருக்கு நன்றாகத் தெரியும். நிற்கவில்லை. வானத்தை நோக்கிச் சுட்டார்கள். அந்தச் சத்தத்துக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தாராம். பிடித்தபோது வாய் குழறியது, அடையாள அட்டை எந்தப் பையில் இருக்கிறது என்று தெரியவில்லை. இரத்தத்தில் மருந்து இருந்தது. தான் ஒன்றும் போடவில்லை என்கிறார். மருந்து போட்டுக்கொண்டு, வெடிச் சத்தத்துக்கும் பயப்படாமல் நடந்துவரும் தமிழனைப் பற்றி அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர்களுடைய இடத்தில் நின்று பார்த்தால் அதிலும் நியாயம் இருக்கிறது.

கனகேஸ்வரி கொப்பியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு வந்தாள்.

“மச்சாள், மாசியிலையும் பங்குனியிலையும் எல்லா நாளும் சைவம்தானே?”

“ஓம்.”

“அப்பவும் வெள்ளிக்கிழமையிலைதான் அண்ணா முழிப்பாய் இருந்திருக்கிறார்.”

“ஓம்.”

“வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறது ஆர்?”

“நான்.”

“அண்ணா?”

“அவர் மூண்டு நேரமும் சாப்பிடுவார்.”

“அப்ப வெள்ளிக்கிழமையிலை மாறுறது அண்ணாவின்ரை சாப்பாடு இல்லை,” என்றாள். “நீங்கள்.”

இருபத்தாறு வருடத்தில் என் மாணவிகளில் ஒருத்திகூட இவ்வளவு சுத்தமாக ஒரு முடிவுக்கு வந்ததில்லை. அதை அவளிடமே சொன்னேன். அவள் அழுதாள். அழுதுகொண்டே, “பயத்திலை செய்தனீங்கள் எண்டால் கனடாவிலை என்ன பயம், மச்சாள்? அங்கை போக விட்டிருக்கலாமே,” என்று கேட்டாள். நீங்களும் கேட்பீர்கள் என்பதால் பதிலை எழுதிவிடுகிறேன். அங்கே கடுங்குளிர். அவருக்கு மூச்சிழுக்கும் முட்டு வருத்தம் இருக்கிறது.

இந்த ஐப்பசிக்குள் நான் உங்களிடம் சொல்லாவிட்டால் தான் சொல்வதாகக் கனகேஸ்வரி சொல்லியிருக்கிறாள். இப்போது சொல்லிவிட்டேன். இதை எப்போது நீதவானிடம் கொடுப்பது என்பதை உங்களிடமே விடுகிறேன். என் பக்கத்தில் அவசரம் ஒன்றும் இல்லை. இரும்புக் கதவுக்கு உள்ளே இருப்பவரை இனி யாரும் வந்து பிடிக்கப்போவதில்லை, அவர் எங்கே இருக்கிறார் என்றும் எனக்குத் தெரியும்.

ஒன்றும் விடாமல் என்று கேட்டதால் இதையும் சேர்க்கிறேன். புதன்கிழமைகளில் அவரைப் பார்க்க விடுகிறார்கள். முதல் இரண்டு புதனும் அவர் மிகத் தெளிவாக இருந்தார். இரண்டாவது புதன், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னை நேரே பார்த்து, “இஞ்சரும், அண்டைக்குத் தேத்தண்ணி கொஞ்சம் கசந்தது, என்ன?” என்று கேட்டார். சாயம் கூடிப்போயிருக்கும் என்றேன்.

மூன்றாம் புதனிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போகிறேன். காவலில் நிற்பவர்கள் எங்களை முதல் வாய் சாப்பிட்டுக் காட்டச் சொல்வார்கள், உள்ளே இருப்பவர்களுக்கு யாராவது ஏதாவது கொடுத்துவிடுவார்கள் என்று. நல்ல ஒழுங்கு. அவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக நான் இரண்டு மூன்று வாயாகவே சாப்பிட்டுக் காட்டுகிறேன். அவர் இப்போது தேத்தண்ணியைப் பற்றிக் கேட்பதில்லை. புதன்கிழமைகளில் வெள்ளவத்தைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கும் நல்ல நித்திரை வருகிறது.