உடைஞ்ச நாற்காலியை ஒளிச்சு வெக்காதீங்க

அவையை அலங்கரித்து அமர்ந்திருக்கும், நான் எப்போ முடிப்பேனோன்னு அஞ்சியும் அமர்ந்திருக்கும், கடைவீதி வணிகர் சங்கத்தின் தலைவர் அவர்களே! ஊருக்கே மூக்குக்கண்ணாடி வித்துட்டு, தன் கண்ணாடியை மட்டும் வீட்டுல மறந்துட்டு வந்திருக்கும் செயலாளர் அவர்களே! முன் வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் மூத்தவர்களே! அவங்களை விட அதிகமா உழைச்சுட்டு, பின் வரிசையில் பொறுமையா உக்காந்திருக்கும் தாய்மார்களே! தையல்கடைத் தம்பிகளே, பூட்டுக்கடைப் பெரியவரே, சைக்கிள் கடைச் சகோதரரே! கதவோரம் நின்னுக்கிட்டு, நல்லா இல்லேன்னா நழுவிடலாம்னு நினைக்கற நண்பர்களே! அத்தனை பேருக்கும் என் அன்பு கலந்த, ஆசை கலந்த, கொஞ்சம் இருமலும் கலந்த வணக்கம்!

"நம்ம கடைக்கு நல்ல போட்டோகிராஃபரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?" இதுதான் எனக்குக் குடுத்த தலைப்பு. இதுக்கு என்னை ஏன் கூப்பிட்டாங்க? நான் என்ன படிச்சவனா? பள்ளிக்கூடத்துல பாதியிலேயே என்னையும் வாத்தியாரையும் பிரிச்சு வெச்சாங்க. ரெண்டு பேருக்கும் நிம்மதி. கேமராவைத் தலைகீழாக் குடுத்தா, அப்படியே கண்ணுல வெச்சுப் பாக்கற ஆளு நான். ஆனா ஒண்ணு. போட்டோகிராஃபர் விஷயத்துல ஒரு குடும்பம் எத்தனை விதமாத் தப்பு பண்ணலாமோ, அத்தனையும் எங்க வீட்டுல பண்ணி முடிச்சாச்சு. அந்தத் தகுதியில பேசறேன்.

என் பொண்ணோட கடை இந்தத் தெருமுனையில இருக்கு. பழைய நாற்காலி, சோஃபா எல்லாத்தையும் பிரிச்சு, ஸ்பிரிங்கு மாத்தி, பஞ்சு அடைச்சு, புதுத் துணி தெச்சுக் குடுக்கற கடை. அவ வேலை செய்யற விதமே தனி. நாற்காலி வந்தா, வந்தவங்களை வாங்கன்னு கூடச் சொல்ல மாட்டா. மெத்தையைக் கையால அமுக்குவா. காதை அது மேல வெச்சுக் கேப்பா. எந்த ஸ்பிரிங்கு கட்டு விட்டுப் போச்சு, எது உடைஞ்சு போச்சுன்னு சத்தத்தை வெச்சே சொல்லிடுவா. மாப்பிள்ளை துணி வெட்டுவார். நான் மேற்பார்வை. சிரிக்காதீங்கம்மா! கடையிலேயே நல்ல நாற்காலியாப் பாத்து உக்காந்து, வர்றவங்க கிட்ட வம்பளக்கறது லேசான வேலையா?

போன வருஷம் எதிர்த்தாப்புல பெரிய சோஃபா ஷோரூம் வந்தது. முதலாளி இங்கேயே இருக்கார். எழுந்திரிக்காதீங்க ஐயா, உங்களைத் திட்டப் போறதில்லை. அவர் நல்ல மனுஷன். ஆனா அவர் கடை வெளிச்சத்துல எங்க கடை யார் கண்ணுக்கும் தெரியல. வர்ற வேலை குறைஞ்சு போச்சு. அவரே இரக்கப்பட்டு, "அம்மா, எங்க கடையில வந்து சோஃபா வித்துக் குடுங்களேன்"னு பொண்ணைக் கூப்பிட்டார். அவ என் முன்னாடி வந்து நின்னா.

"அப்பா, போட்டோ எடுத்து இன்டர்நெட்டுல போட்டுப் பாக்கறேன். மழைக்காலம் முடியறதுக்குள்ள ஆள் வரலேன்னா, கடையை மூடிட்டு எதிர்ல வேலைக்குப் போயிடுவேன்."

அவ விளையாட்டுக்குப் பேசற ஆளில்லை. அவங்க அம்மா மாதிரி.

சரி, யாரைக் கூப்பிடறது? மாப்பிள்ளை சொன்னார்: "சொந்தக்காரன் இருக்கும்போது வெளியாள் எதுக்கு மாமா? என் சித்தப்பா பையன் கல்யாணத்துக்கெல்லாம் எடுக்கறான்." வந்தான் பையன். "எல்லாரும் நெருங்கி நில்லுங்க! மாமா, வயித்தை உள்ள இழுங்க! அண்ணி, அண்ணனைப் பாத்துச் சிரிங்க!" இவ அவரைப் பாத்து சிரிச்சு வருஷக்கணக்காச்சுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? படம் வந்தது. குடும்பமே வரிசையா நிக்கறோம். பின்னாடி ஒரு நாற்காலியோட கால் கூடத் தெரியல. அதைப் பாத்துட்டு ஒருத்தர் போன் பண்ணிக் கேட்டார்: "உங்க வீட்டுல யாருக்குங்க கல்யாணம்?"

என்ன தம்பி கேக்கறீங்க? செலவா? ஓசியிலதான் எடுத்தான். ஓசின்னா என்னன்னு அன்னைக்குத்தான் எங்களுக்குப் புரிஞ்சது.

அடுத்து பெரிய ஸ்டுடியோக்காரர். அவர் வர்றதுக்கு முந்தின நாள் எங்க வீட்டுல ஒரு பெரிய மூளை வேலை செஞ்சது. மூளை யாரோடதுன்னு சொல்ல மாட்டேன். முன் வரிசையில நீலச் சட்டை போட்டு உக்காந்திருக்கு. "கிழிஞ்சது, உடைஞ்சது எதுவும் படத்துல வரக்கூடாது. அசிங்கம்!" விருந்தாளி வந்தா அழுக்குத் துணியை எல்லாம் அவசரமா உள்ள தள்ளுவோமே, அந்த மாதிரி உடைஞ்ச நாற்காலி அத்தனையையும் பின்னாடி தள்ளி, ஒரு திரையை இழுத்து விட்டோம். வேலை முடிஞ்ச நாற்காலிகளை மட்டும் முன்னாடி அடுக்கினோம். ஸ்டுடியோக்காரர் வந்தார், விளக்கு போட்டார், வெள்ளைக் குடை விரிச்சார், ஒரு வார்த்தை கேக்காம எடுத்துட்டுப் போனார். படமா அது? பளிங்கு! பளபளப்பு! பாக்கறவன் பிரமிச்சுப் போவான்!

ஆள் வந்தாங்களா? வந்தாங்க! "அந்தப் பச்சை நாற்காலி என்ன விலை?" "அது இன்னொருத்தரோடதுங்க, சரி பண்ணக் குடுத்திருக்காங்க." "விக்காத பொருளை எதுக்குய்யா படம் புடிச்சுப் போடறீங்க?" திட்டிட்டுப் போனாங்க. அது கூடப் பரவாயில்லை. பக்கத்துத் தெரு டீச்சரம்மா ஒரு நாள் என் பொண்ணை வழியில நிறுத்திச் சொன்னாங்க: "நீங்க பழசு பாக்கறதை விட்டுட்டு புதுசு விக்க ஆரம்பிச்சுட்டீங்கன்னு நினைச்சேன். என் நாற்காலியைக் குப்பை வண்டியில தூக்கிப் போட்டுட்டேனேம்மா."

என் பொண்ணு அங்கேயே திரும்பினா. நேரா பூட்டுக்கடைக்குப் போனா. ஒரு பெரிய பூட்டு வாங்கிட்டு வந்தா. தினமும் சாயங்காலம் போடற பூட்டு இல்லை ஐயா. மூடறதுக்குன்னே வாங்கின பூட்டு.

எனக்கு மனசு தாங்கல. பூட்டுக்கடைக்குப் போய், "எதுக்குய்யா வித்தீங்க?"ன்னு சண்டை போட்டேன். அப்போ அவர் கடைச் சுவத்துல ஒரு படம் பாத்தேன். அரத்தால சாவி ராவற கை மட்டும். விரல்ல இரும்புத்தூள் ஒட்டியிருக்கு. மூஞ்சியே இல்லை. இவர் மூஞ்சியை விட்டுட்டு ஒருத்தர் படம் எடுத்திருக்காங்கன்னா, நிச்சயம் விஷயம் தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கணும்! "யாருய்யா எடுத்தது?"ன்னு கேட்டு, அந்த போட்டோகிராஃபர் பொண்ணை வரச் சொன்னேன்.

அவங்க முதல் நாள் கேமராவே கொண்டு வரல. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. "உங்க கிட்ட வர்றவங்க முதல்ல என்ன கேப்பாங்க?"

என் பொண்ணு வெடுக்குன்னு சொன்னா: "இதைச் சரி பண்ண முடியுமா, இல்லை தூக்கிப் போட்டுடவான்னு கேப்பாங்க."

"அந்தக் கேள்விக்குப் பதில் உங்க படத்துல எங்க இருக்கு?"

அவங்க சுத்திப் பாத்தாங்க. "அந்தத் திரைக்குப் பின்னாடி என்ன?" மாப்பிள்ளை குறுக்க போய் நின்னார். "ஒண்ணுமில்லைங்க, குப்பை." அவங்க என்னைப் பாத்தாங்க. நான் இருமினேன். எனக்கு எப்போ இருமல் வரணும்னு எனக்குத் தெரியும். அவங்களே போய்த் திரையை விலக்கினாங்க. கால் ஒடிஞ்சது, கை தொங்கறது, ஸ்பிரிங்கு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கறது எல்லாம் வரிசையா இருக்கு.

"கடையைத் திரை போட்டு மறைச்சுட்டு, இத்தனை நாள் எதைங்க காட்டினீங்க?"ன்னு கேட்டாங்க.

மறுநாள் காலையில, வாசல் வழியா வெயில் விழற நேரமாப் பாத்து, கேமராவோட வந்தாங்க. என் பொண்ணு கேட்டா, "சிரிக்கணுமா?" "வேண்டாம். வேலையைப் பாருங்க." ரொம்ப நேரம் அவங்க ஒரு படம் கூட எடுக்கவே இல்லை. "பட்டன் கெட்டுப் போச்சாம்மா?"ன்னு நான் கேட்டேன். "இல்லைங்க பெரியவரே, உங்க பொண்ணு நான் இருக்கறதை இன்னும் மறக்கல"ன்னாங்க. காத்திருந்தாங்க. எப்போ இவ குனிஞ்சு, கிழிஞ்ச மெத்தை மேல காதை வெச்சு, கண்ணை மூடிக் கேட்டாளோ, அப்போ எடுத்தாங்க ஒண்ணே ஒண்ணு!

படம் போட்டோம். அப்பவும் ஆள் வரல. மழைக்காலமும் முடிஞ்சு போச்சு. பொண்ணு ஷோரூமுக்கு "நாளைக்கு வர்றேன்"னு சொல்லிட்டா. பெரிய பூட்டைக் கையில எடுத்துட்டு வாசலுக்கு வந்தா. நான் பேசத் தெரியாம நிக்கறேன். நான்! பேசத் தெரியாம!

அப்போ ஒருத்தர் நாற்காலியைத் தலையில கவுத்துக்கிட்டு மூச்சு வாங்க வந்தார். "படத்துல காது வெச்சுக் கேக்கறவங்க கடை இதுதானுங்களே? இது எங்க அப்பா கடைசி வரைக்கும் உக்காந்த நாற்காலி. வீட்டுல எல்லாரும் தூக்கிப் போடச் சொல்றாங்க. நீங்க கேட்டுச் சொல்லுங்க, இது பிழைக்குமா?"

பொண்ணு என்னைப் பாத்தா. "அப்பா, இதைக் கொஞ்சம் புடிங்க." பூட்டை என் கையில குடுத்துட்டு, மண்டி போட்டுக் காதை வெச்சா. "பிழைக்கும்"னு சொன்னா.

அன்னைக்குப் புடிச்ச பூட்டை அவ இன்னும் திருப்பிக் கேக்கல. கேக்கறதுக்கு நேரமில்லை. ஷோரூம் முதலாளியே தன் வீட்டு நாற்காலியை எங்க பின்வாசல் வழியாக் கொண்டு வந்தார். இதை நான் யார் கிட்டயும் சொல்லல ஐயா, இப்போ மைக்குல சொன்னதோட சரி!

அதனால சொல்றேன், அன்பு நெஞ்சங்களே! போட்டோகிராஃபர் காட்டற அழகான படம் ஒண்ணை மட்டும் பாத்து ஏமாறாதீங்க. ஒரு கடைக்கு எடுத்த மொத்தப் படத்தையும் காட்டச் சொல்லுங்க. படம் எப்போ கைக்கு வரும், எங்கெல்லாம் நாம போட்டுக்கலாம்னு முன்னாடியே பேசிக்கோங்க. ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு. அவங்க உங்களைக் கேள்வி கேக்கறாங்களா? உங்க கை பேசற வரைக்கும் காத்திருக்காங்களா? நீங்க வெக்கப்பட்டு மறைச்சு வெச்ச இடத்துக்கு நடந்து போறாங்களா? அவங்களைக் கூப்பிடுங்க! மறைச்சு வெச்ச உழைப்பு யாருக்குத் தெரியும்? மூடி வெச்ச கடையை யார் தேடி வருவாங்க? திரையை நீங்களே விலக்கி வையுங்க!

பூட்டுக்கடைப் பெரியவரே, கொஞ்சம் மேடைக்கு வாங்க. இந்தாங்க உங்க பூட்டு. புதுசு, ஒரு தடவை கூடப் போடல. நீங்களே வெச்சுக்கோங்க.

பொறுமையாக் கேட்ட பெரியவங்களுக்கும், தூங்காத தாய்மார்களுக்கும், கடைசி வரைக்கும் நழுவாம நின்ன கதவோர நண்பர்களுக்கும் நன்றி சொல்லி, உக்காந்திருக்கற எல்லா நாற்காலியும் ஆடாம இருக்கட்டும், ஆடினா எங்க கடைக்கு வரட்டும்னு வாழ்த்தி, விடைபெறுகிறேன். வணக்கம்!