பெரியப்பா வீட்டுப் பத்து மணி

இந்த அறைக் கடிகாரம் சரியாக ஓடுகிறது, அக்கா. உள்ளே வந்ததும் அதைத்தான் பார்த்தேன். உங்கள் கையில் இருப்பதும் அதே நேரத்தைக் காட்டுகிறது. உங்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. ஒரே மணி உள்ள இடத்தில் உட்கார்ந்து டீ குடிப்பது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். என் பெயர் சய்கல், வயது பதினேழு. அப்பாவும் அம்மாவும் ரஷ்யாவில் சந்தையில் மூட்டை தூக்குகிறார்கள். சின்ன வயதிலிருந்தே பெரியப்பா தொக்தோசுன் வீட்டில்தான் இருந்தேன். அவர், பெரியம்மா, நான். கொட்டகையில் ஆடுகளும் இரண்டு மாடுகளும்.

பெரியப்பா கெட்டவர் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்னை அடித்ததில்லை. ஆட்டுத் தலை வெந்தால் காதை அறுத்து எனக்குத்தான் முதலில் நீட்டுவார்.

அவரிடம் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. கூட்டுப் பண்ணைக் காலத்தில், நல்ல மேய்ப்பர் என்று மேடையேற்றிக் கொடுத்த பரிசு. ஊசல் ஆடும், மணிக்கு மணி அடிக்கும். அதன் சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். பண்ணை கலைந்து, கொடி மாறி, பணமும் மாறிய பிறகு அவர் அந்தக் கடிகாரத்தை மட்டும் யாரும் மாற்ற விடவில்லை. மார்ச் கடைசி ஞாயிறு வந்தால் நாடே மணியை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும். இலையுதிர் காலத்தில் மறுபடி பின்னால் இழுக்கும். எங்கள் வீட்டில் முள் அசையாது. வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை நாங்கள் நாட்டுக்கு ஒரு மணி நேரம் பின்னால் வாழ்ந்தோம்.

முன்பெல்லாம் மாற்றினீர்களே என்று ஒரு முறை கேட்டேன். பக்கத்து வீட்டு ஆட்களும் டீக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்போ இருந்தவங்க சம்பளம் கொடுத்தாங்க. ஒரு மணி நேரம் கேட்டாங்க, கொடுத்தேன்," என்றார். "இவங்க என்னத்தக் கொடுத்தாங்க, நான் என் மணியக் கொடுக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பள்ளி பக்கத்து ஊரில். வேன் ஏழரைக்குக் கிளம்பும். அப்போது எங்கள் சுவரில் ஆறரை, அது மாடு கறக்கும் வேளை. கறந்துவிட்டு ஓடினால் வேன் போன புழுதிதான் மிச்சம். நடந்து போய்ச் சேரும்போது முதல் பாடம் முடிந்திருக்கும். ஜிபர்குல் டீச்சர் கதவருகே என்னை நிறுத்துவார்.

"வாங்கம்மா. உங்க வீட்லருந்து வர விசா கெடைக்க லேட்டாயிடுச்சா?"

வகுப்பே சிரிக்கும். கோட்டு மாட்டும் ஆணிகளுக்குப் பக்கத்தில் நின்று அடுத்த பாடத்துக்குக் காத்திருப்பேன். ஒரு நாள் இல்லை, ஒரு வாரம் இல்லை. ஒவ்வொரு வசந்தமும்.

சீக்கிரம் எழுந்து கறந்திருக்கலாமே என்பீர்கள். கறந்தேன், ஒரே ஒரு நாள். பெரியப்பா வாளியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு போய் நாயின் தட்டில் கவிழ்த்தார். குரலைக்கூட உயர்த்தவில்லை. "இது அவங்க மணிப் பாலு. அவங்களே குடிக்கட்டும்," என்றார். அன்று பகல் முழுக்க வெறும் டீ குடித்தோம்.

போன வருடம் ஒன்பதாம் வகுப்புத் தேர்வு ஒன்பது மணிக்குத் தொடங்கியது. நான் போனபோது கதவைச் சாத்தியிருந்தார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் நரின் நகரத்தில் நர்ஸ் படிப்புக்குச் சேர முடியாது. அதன் பிறகு நான் பள்ளிக்குப் போகவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை.

இந்தக் குளிர்காலத்தில் ஜிபர்குல் டீச்சரே வீட்டுக்கு வந்தார். ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, வசந்த விடுமுறை முடிந்ததும் சய்கல் தினமும் வகுப்புக்கு வரட்டும், ஜூனில் எழுத வைக்கிறேன் என்றார். இதுதான் கடைசி, இன்னொரு தடவை பட்டியலில் சேர்க்க மாட்டார்கள் என்றும் சொன்னார். பெரியப்பா தலையாட்டினார். யார் தடுத்தது என்று கேட்டார். டீச்சர் போனதும் நான் கடிகாரத்தைப் பற்றிக் கேட்டேன்.

"பள்ளிக்கூடம் போ, வேணாங்கல. அந்த மணி மட்டும் இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது."

அதற்குள் ரேடியோவில் ஒரு செய்தி வந்தது. மணியை மாற்றுவது தேவையா என்று தலைநகரில் வாதாடுகிறார்களாம். அடுத்த வருடம் நிறுத்தினாலும் நிறுத்தலாமாம். பெரியப்பாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

"பாத்தியா, தோத்துட்டானுங்க. நீ அடுத்த வருசம் எழுதிக்க."

அடுத்த வருடம். ஆட்டு மயிர் கத்தரிப்பதைத் தள்ளிப் போடுவதுபோல அவ்வளவு லேசாகச் சொன்னார்.

பெரியம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். பால் சேகரிக்கும் இடத்தில் அவருக்கு வேலை. அங்கே எல்லாம் நாட்டு மணிப்படி நடக்கும். அதனால் அவர் கைக்கடிகாரத்தில் சரியான நேரம் இருந்தது. வீட்டு வேலியைத் தாண்டியதும் அதன் முகத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிவிடுவார். நான் வேனை விட்ட நாளெல்லாம் அவருக்குத் தெரியும். தலையைத் தடவிக் கொடுத்து, பொறுத்துக்கோ என்பார். பொறுத்துக்கொண்டேன்.

இனி அடுப்பு. உங்கள் வீட்டில் குழாயில் வெந்நீர் ஓடி அறை சூடாகும், அதனால் சொல்கிறேன். மாலையில் பெரியம்மா நிலக்கரி போட்டு மூட்டுவார். எரிந்து முடிந்ததும் புகைபோக்கியின் தகட்டைத் தள்ளி மூடினால் சூடு காலை வரை நிற்கும். முடியும் முன் மூடினால் விஷக்காற்று அறைக்குள் திரும்பும். அதற்கு வாசனை கிடையாது. கரிமேல் ஆடும் நீலச் சுடர் அணையும்வரை மூடக் கூடாது என்று எங்கள் பக்கம் நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் தெரியும். நான் அப்படித்தான் குனிந்து குனிந்து பார்த்து மூடுவேன். ஒரு தடவை தாமதமாகி வீடு ஆறிப் போனது. பெரியப்பா அன்றுதான் ஒரு சட்டம் போட்டார்.

"அடுப்பப் பாக்காத. மணியப் பாரு. பத்துன்னா பத்து."

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி பனி கொட்டியது. நாடு மணியை மாற்றிய நாள். மறுநாள் எனக்கு வகுப்பு. ஆடுகள் குட்டி போடும் காலம் என்பதால் நான் கொட்டகையில்தான் படுத்து வந்தேன்; அதற்கு உள்நோக்கம் எதுவும் இல்லை. பையும் வெள்ளைச் சட்டையும் முன்பே அங்கே இருந்தன. பெரியப்பா இடுப்பு வலியோடு சாப்பிட்டதும் படுத்துவிட்டார். பெரியம்மாவும் படுத்திருந்தார். அடுப்பு ஓரம் பெட்டியில் தாய் செத்த ஆட்டுக்குட்டி ஒன்று கிடந்தது. நான்தான் அதற்குப் புட்டியில் பால் கொடுத்து வந்தேன்.

முள்ளை நகர்த்தச் சாவி தேவையில்லை. விரல் போதும். கண்ணாடியைத் திறந்து பெரிய முள்ளை ஒரு சுற்றுத் தள்ளினேன். கடிகாரம் பத்து அடித்தது.

பெரியப்பா கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"பத்தா ஆயிடுச்சு?"

"பத்து, பெரியப்பா."

"மூடிட்டுப் போய்ப் படு."

நான் பொய் சொல்லவில்லை. நாடு முழுவதும் அப்போது பத்து மணிதான். அந்த வீட்டில் வசந்தத்தில் முதன்முதலாகச் சரியான நேரத்தைச் சொன்னவள் நான். பெரியம்மா போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்துக் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுப்பில் கரி எரிந்து முடிய இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? மூட்டியதே அவர்தானே. சொல்லியிருக்கலாம். எத்தனையோ வருடங்களாகச் சொல்லாதவர் அன்றும் சொல்லவில்லை.

நீலம் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அடுப்பைப் பார்க்காதே என்பதுதான் சட்டம். தகட்டைத் தள்ளினேன்.

காலையில் சரியான நேரத்துக்கு மாடு கறந்தேன். உள்ளே போய் யாரையும் எழுப்பவில்லை. அசதியில் இருந்தார்கள், தூங்கட்டும் என்று விட்டேன். வேனில் முதலில் ஏறியவள் நான்தான். ஜிபர்குல் டீச்சர் ஒன்றும் சொல்லாமல் முன் பெஞ்சைக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் பாடத்தில் பக்கத்து வீட்டு ஆள், வீட்டில் இருவரும் எழவேயில்லை என்று என்னைத் தேடி வந்தபோது கணக்கைப் பாதிவரை போட்டிருந்தேன். முடித்துவிட்டு வருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். அது தப்பு என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள்.

அவ்வளவுதான், அக்கா. கடிகாரத்தைச் சரிசெய்தேன், சொன்னபடி பத்துக்கு மூடினேன். இதில் எது குற்றம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அடுத்த வருடம் மாற்றத்தை நிறுத்தினால் நல்லது, இரண்டு மணி இருக்கும் வீட்டில் யாராலும் படிக்க முடியாது. தேர்வு ஜூனில். இங்கிருந்தே எழுத விடுவார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

குளிரில் செத்துவிடும் என்று தெரிந்தும் ஆட்டுக்குட்டியை மட்டும் ஏன் கோட்டுக்குள் சுருட்டிக் கொட்டகைக்குத் தூக்கிப் போனாய் என்று மறுபடி கேட்கிறீர்கள். அதற்கு மணி பார்க்கத் தெரியாது, அக்கா.