சோம்பு மணத்த என்ஜின்

ஏனோக்: நாட்டிலேயே வேகமான ரயில் டிரைவர்ங்கிற பேருக்கு இந்த வீட்ல விலை என்ன? ஒரு கத்தி. ஞாயித்துக்கிழமை மாட்டுக்கறியை வெட்டிப் பங்கு போடற கத்தி. அக்கா, அதை இப்படித் தள்ளு.

எடித்: இருடா. இப்பத்தான் அடுப்புலேருந்து இறக்கினேன். கறி ஆறட்டும்.

ஏனோக்: கறி ஆறிடும். அத்தான் ஆற மாட்டாரு. ஒரே ஒரு மைல் வேகத்துல எங்க சிவப்பு என்ஜின்கிட்ட தோத்துட்டாரே!

பெர்சி: எடுத்துக்க மாப்ள. எந்த ரயில் கம்பெனிகிட்ட வேகச் சாதனையோ, அந்த டிரைவர் கையில கத்தி. நான் போட்ட சட்டம்தானே.

ஏனோக்: நீங்க ஜெயிச்சிருந்தா எனக்கு ஓரத்துல கருகின துண்டுதான் வந்திருக்கும்.

பெர்சி: அதுவும் மெல்லிசா. எடித், தட்டு வை. நீலக் கம்பெனிக்காரன் வீட்ல சிவப்புக் கரைத் தட்டுல சாப்பிடறோம், அதையும் ஊர்ல சொல்லிடாதே.

ஏனோக்: அது... அது எங்க வண்டியில ஒதுக்கின பழைய தட்டு. அதை விடுங்க. ஒண்ணு சொல்லுங்க அத்தான். மேடு ஏறி இறக்கத்துல விட்டீங்க. உங்க நீல என்ஜின் பறக்குது. எங்க ஷெட்ல எல்லாரும் தொப்பியைக் கழட்டிட்டோம், சாதனை போச்சுன்னு. இன்னும் இறக்கம் பாக்கி இருக்கு. அங்க போய் ஏன் நீராவியை அடைச்சீங்க?

பெர்சி: பேப்பர் படிக்கலியா? எதிர்காத்து.

ஏனோக்: அன்னிக்கு டான்காஸ்டர் ஊர்ல கொடியில காஞ்ச துணிகூட அசையலை.

எடித்: உருளைக்கிழங்கு போடட்டுமா?

ஏனோக்: பேச்சை மாத்தாதே அக்கா.

எடித்: கிழங்கைத்தான் போடறேன். பேச்சை நீ வெச்சுக்க.

ஏனோக்: காலையில சபை ஜெபத்துல உங்க பக்கத்துல ஒருத்தரும் உக்காரலியாமே?

பெர்சி: காலை நீட்ட நல்லா இடம் கிடைச்சுது.

ஏனோக்: விளையாடாதீங்க. சாயங்காலம் சபைப் பெரியவங்க கூப்பிட்டிருக்காங்க. குடியைத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணின மனுஷன் குடிச்சுட்டு என்ஜின் ஏறினாரான்னு கேக்கப் போறாங்க. சபைப் பட்டியல்லேருந்து பேரை அடிச்சுட்டா அப்புறம் அந்த வாசப்படி உங்களுக்கு இல்லை.

எடித்: குடிச்சாருன்னு எவன் சொன்னான்?

ஏனோக்: வண்டியை விட்டு இறங்கினப்போ போர்ட்டர் மோந்திருக்கான். சட்டை பூரா சோம்பு வாசனை. ஹல் துறைமுகத்துல பிரெஞ்சு மாலுமிங்க விக்கிறானுங்களே, சோம்புச் சாராயம்... அதேதான்னு ஊரே சொல்லுது.

எடித்: அது... சோம்பு மிட்டாய். தொண்டை கரகரங்குதுன்னு நான்தான் கொடுத்தனுப்பினேன்.

ஏனோக்: சட்டை பூராவுமா அக்கா தொண்டை?

பெர்சி: சாப்பிடு மாப்ள.

ஏனோக்: அத்தான், உங்க வாயில சாராயம் போகும்னு நான் நம்பலை. இந்தக் காதுல காரணத்தைச் சொல்லுங்க, சாயங்காலம் நானே வந்து சாட்சி சொல்றேன்.

பெர்சி: உன் காதுல சொன்னா விடியறதுக்குள்ள உங்க கம்பெனி சுவருக்குச் சுவர் விளம்பரம் ஒட்டிடும்.

எடித்: போதும்ங்க. நான் சொல்லிடறேன்.

பெர்சி: எடித்! ஆபீஸ்ல வாக்குக் கொடுத்திருக்கேன்.

எடித்: நீங்க கொடுத்தீங்க. என்னை யார் கேட்டா? ஏனோக், சக்கரத்துக்கு நடுவுல இருக்கே பெரிய பேரிங், ஓடும்போது அது கண்ணுக்குத் தெரியாதில்ல?

ஏனோக்: ஆமா, தெரியாது.

எடித்: இவங்க என்ஜின்ல அதுக்குள்ள ஒரு குப்பி வெச்சிருக்காங்க. சோம்பு எண்ணெய். பேரிங் சூடு மிஞ்சினா குப்பி உடைஞ்சு வாசனை டிரைவர் மூக்குக்கு வந்துரும். வந்துது. அடைச்சாரு. அப்புறம் குனிஞ்சு பாக்கப் போய் சட்டையெல்லாம் அப்பிக்கிட்டாரு. குடிச்ச கதை இவ்வளவுதான்.

ஏனோக்: இதையா அத்தான் மறைச்சு வெச்சீங்க?

பெர்சி: நீல என்ஜின்ல பேரிங் உருகுதுன்னு தெரிஞ்சா எவன் ஏறுவான்? கொஞ்ச நாள் நிலக்கரி வண்டி ஓட்டு, வாயைத் திறக்காதேன்னாங்க. சரின்னேன். இப்படி ஒரு சாராயம் முளைக்கும்னு யாருக்குத் தெரியும்?

ஏனோக்: இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா சாதனை உங்களுது.

பெர்சி: ஆமா.

ஏனோக்: அப்புறம் எப்படி அத்தான் கை வந்துது, அடைக்க?

பெர்சி: கையை யார் கேட்டா? மூக்கு சொல்லுச்சு. பின்னாடி பெட்டி நிறைய ஆளுங்க.

ஏனோக்: எங்க என்ஜின்ல குப்பி கிடையாது.

பெர்சி: தெரியும்.

ஏனோக்: சாயங்காலம் வர்றேன். சிவப்புக் கம்பெனிக்காரனே வந்து சொன்னா நம்பாம எங்க போவாங்க? அந்தப் பெரியவங்களைத் தாண்டி ஒரு வார்த்தை வெளியே போகாது. அது என் பொறுப்பு.

பெர்சி: உங்க ஆபீஸுக்கு?

ஏனோக்: அவங்க ஜெயிச்சுட்டாங்களே. அவங்களுக்கு எதுக்கு? இந்தாங்க, கத்தியைப் பிடிங்க.

பெர்சி: சாதனை உன்கிட்டதானே இருக்கு?

ஏனோக்: பிடிங்க அத்தான். இன்னிக்கு நீங்களே வெட்டுங்க.

எடித்: நாளைக்கு உன்னை மறுபடி சாதனைக்கு ஓட்டச் சொல்லியிருக்காங்களா?

ஏனோக்: யார் சொன்னா?

எடித்: கிழங்கைத் தொடலியே நீ. போன தடவை ஓட்டினதுக்கு முந்தின நாளும் இப்படித்தான், இதே நாற்காலி, இதே மாதிரி கிழங்கை உருட்டிக்கிட்டு.

ஏனோக்: நீலக்காரன் எட்டிப் பிடிக்க முடியாத வேகம் வேணுமாம். பேப்பர்காரங்களும் ஏறறாங்க. பயம்லாம் இல்லை. போன தடவைதான் ஒண்ணும் ஆகலியே...

எடித்: ஒண்ணும் ஆகலியா? ஏண்டா, அதுக்கு அடுத்த வாரம் இந்தத் தட்டுப் பெட்டியை யார் கொண்டாந்தது? பழசுன்னே. கத்திக் கீறல்கூட இல்லாத புதுசு. ஒரு டஜன் பெட்டியில நாலு முழுசு, மிச்சமெல்லாம் வைக்கோலுக்கு அடியில சில்லு சில்லா. வண்டியில சாப்பாடு போடறவன், யார் கண்ணுலயும் படாம ஒழிச்சுடச் சொல்லி உன் தலையில கட்டியிருக்கான், நீ பிரிச்சுக்கூட பாக்கலை. இத்தனை தட்டு உடையணும்னா, ஸ்டேஷனுக்கு முன்னாடி தண்டவாளம் வளையுற இடத்துல என்ன வேகத்துல நுழைஞ்சேன்னு அன்னிக்கே தெரிஞ்சுக்கிட்டேன், இத்தனை நாள் வாயைத் திறக்கலை. இப்ப கேட்டுக்க. இவர் பக்கம் உருகினது ஒண்ணு. உன் பக்கம் உடைஞ்சது எட்டு. ஆளுங்க மட்டும் ரெண்டு பக்கமும் முழுசு. நாளைக்கு நீயும் நீராவியை அடைச்சுட்டு வந்து சேரு, அந்தக் கணக்கு அப்படியே இருக்கட்டும்.